சின்ன எலெக்ட்ரோனிக் சாமானைச் சூட்டில பழுதாக்காமல் சேர்க்கிட் போர்ட்டில ஒட்டுறது எப்பிடி

கனபேர் நினைக்கிறது சோல்டரிங் அயனிட சூட்டைக் குறைச்சு வைச்சால் சாமான் தப்பும் எண்டு. அது பிழை. கூடுதலாப் பழுதாக்கிறது சூடு படுற நேரம்தான். நானும் பழகேக்க 250 டிகிரியில வைச்சுக்கொண்டு, ஈயம் (சோல்டரைத்தான் சொல்லுறன்) வடிவா உருகுதில்லை எண்டு பத்துப் பதினைஞ்சு செக்கன் அழுத்திப் பிடிச்சன், கடைசியில பாட் (சாமான் ஒட்டுற சின்னச் செம்புத் தகடு) போர்ட்டை விட்டுக் கழண்டு அயன் முனையோட வந்திட்டுது.

63 வீதம் வெள்ளீயமும் 37 வீதம் ஈயமும் கலந்த 63/37 சோல்டர் 183 டிகிரியில உருகும், ஈயமில்லாத வழமையான சோல்டர் 217 தாண்டோணும். அதால முதலாவதுக்கு 320, மற்றதுக்கு 350 அளவில வைச்சு ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள கையை எடுத்திடுங்கோ. பழகிறாக்களுக்கு ஈயம் கலந்ததுதான் லேசு, 0.5 மில்லிமீற்றர் கம்பி காணும், ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில கை வைக்கவே கூடாது. முனையும் ஊசி மாதிரி வேண்டாம், அதில சூடு சரியா இறங்காது, சின்னத் தட்டை முனைதான் கெதியா வேலை முடிக்கும்.

இனி ஒட்டுறது. 0603 எண்ட சைஸ் நம்பர் போட்ட சாமான் எண்டால் 1.6க்கு 0.8 மில்லிமீற்றர், அரிசிக் குறுணியளவுதான். யாழ்ப்பாணம் கன்னாதிட்டி நகைப் பத்தர்மார் பிடிக்கிற மாதிரிச் சாமணம் ஒண்டு வேணும், முனை கூரா இருக்கோணும். ரெண்டு பாட்டிலயும் பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பசை) பூசுங்கோ, இதில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ, பிளக்ஸ் இருந்தால்தான் ஈயம் கெதியா ஓடும். ஒரு பாட்டில மட்டும் துளி ஈயம் வைச்சு, அதைத் திருப்பி உருக்கிக்கொண்டே சாமானைச் சாமணத்தால பக்கவாட்டில தள்ளி விட்டு, அயனை எடுத்து, ஈயம் இறுகும்வரை ஆடாமல் பிடியுங்கோ. உடனே மற்றப் பக்கம் போகாமல் கொஞ்சம் ஆறவிட்டிட்டுத்தான் போகோணும். கிரவுண்ட் (எர்த்) எண்டு போர்ட்டில அகலமா விரிச்சிருக்கிற செம்போட சேர்ந்த பாட் சூட்டை உறிஞ்சும், அதைக் கடைசியா வைச்சு, ஏலுமெண்டால் போர்ட்டைக் கீழால 100 டிகிரியளவுக்குச் சூடாக்கிப்போட்டு ஒட்டுங்கோ.

செராமிக் கப்பாசிற்றரெண்டால் அயன் அதின்ர உடம்பில படவே கூடாது. பாட்டையும் ஈயத்தையும்தான் சூடாக்கோணும். திடீர்ச் சூட்டில உள்ளுக்க வெடிப்பு விழும், வெளியில ஒண்டும் தெரியாது, பேந்து ஒருநாள் ஷோர்ட் ஆகும்.

சோளகக் காத்து வீசிற நாளில யன்னலடியில இருக்காதேங்கோ, ஃபானையும் நேரே போர்ட்டில அடிக்க விடாதேங்கோ, முனை ஆறிப்போய் நீங்கள் கனநேரம் பிடிக்க வேண்டி வரும். புகையை மூக்குக்கு எட்டாமல் பக்கத்தால வெளியில இழுக்க விட்டால் போதும்.

முடிய போன் கமராவில ஸூம் பண்ணிப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் ஈயம் சரிவா ஏறி நிக்கோணும். உருண்டையா நிண்டால் அழுத்திப் பிடிக்காதேங்கோ, ஆறவிட்டு, பிளக்ஸ் போட்டு இன்னொருக்கா ரெண்டு செக்கன்.