பெரிய எழுத்தும் கதை சொல்லும் ஆளும்: திருத்தும்போது செய்யும் தவறுகள்

தொடக்கப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆசிரியர் கையில். புதிதாக வந்தவர்கள் திருத்திய நோட்டுகளைப் போன வாரம் புரட்டினேன். ஒரு காலத்தில் நான் போட்ட அதே சிவப்புக் கோடுகள்.

"பெயர் என்றால் பெரிய எழுத்து" என்பதோடு நிறுத்துவது

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது கிடையாது. அதனால் ஆங்கிலத்தின் இந்த விதி பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிது. 'மை மதர்' என்பதிலும் பெரிய எம் போடுவார்கள். கிழமையும் மாதமும் பெயர் என்றே தோன்றாததால் அவற்றை விட்டுவிடுவார்கள். கணினியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிப்பு முறையில் தமிழ் தட்டும் பிள்ளை, 'வள்ளி'யை ஆங்கிலத்தில் எழுதும்போதும் நடுவில் பெரிய எல் போடும். ளகரம் வர அங்கே அப்படித்தான் தட்ட வேண்டும். அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

ஆங்கில 'ஐ'

'நான்' என்று வந்தால் எங்கும் பெரியது. அவ்வளவுதான்.

"ஒரே ஆளாக எழுது" என்று ஓரத்தில் கிறுக்குவது

இந்தக் குறிப்பைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆடு தொலைந்த கதை எழுதினாள். "நான் திண்ணையில் தூங்கிப்போனேன். ஆடு வேலியைத் தாண்டிக் குளத்தங்கரைக்குப் போனது." அடுத்த பத்தியில் "அவள் தேடி ஓடினாள்" என்று மாறிவிட்டது. தன்மையா, படர்க்கையா, ஒன்றை வைத்துக்கொள் என்றேன். மறுநாள் எல்லாம் 'அவள்'. தூங்கிப்போனாள், ஓடினாள், அழுதாள் என்று விகுதிகள் சுத்தமாக இருந்தன. 'பாட்டி அடிப்பாளே என்று வயிற்றைப் பிசைந்தது' என்ற வரியை மட்டும் காணோம். கேட்டேன். "அவ வயிறு எனக்கு எப்படித் தெரியும், டீச்சர்?" என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். தூங்கியவளுக்கு ஆடு வேலி தாண்டியது எப்படித் தெரியும்? 'நான்' சொல்லும் கதையில் நான் கண்டது, கேட்டது, ஊகித்தது மட்டுமே வரலாம். அதைக் கேட்டிருந்தால், விழித்ததும் வேலிப்படலில் ஒட்டியிருந்த ஆட்டு ரோமத்தைப் பார்த்ததாக அவளே எழுதியிருப்பாள். தமிழில் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் கண்ணும் அதிலேயே நின்று, உள்ளே இருக்கும் ஓட்டையைத் தவறவிடுகிறது.

இப்போது ஒரு பிள்ளையை பெஞ்சுக்கு அடியில் உட்கார வைத்து, "அங்கிருந்து என்ன தெரியுது?" என்று கேட்கிறேன். கால்கள், அறுந்த செருப்பு வார், உருண்டு வந்த பென்சில். அதை எழுதச் சொல்கிறேன். பிறகு படர்க்கைக்கு மாற்றி, பெஞ்சுக்கு மேலே நடப்பதையும் சேர்க்கச் சொல்கிறேன்.

இரண்டையும் ஒரே நாளில் திருத்துவது

வேண்டாம். கதை இன்று, எழுத்து நாளை.