ஸ்டேஜ் ஃபோர் (உடம்புல வேற எடத்துக்கும் பரவின) கேன்சரோட வீட்டுல இருக்கறவங்களுக்கு நாம என்ன செய்யலாம், எதை அவங்ககிட்டயே விடணும்

டாக்டர் 'பேலியேடிவ் கேர் பாருங்க'ன்னு சீட்டுல எழுதினா நம்ம வீடுகள்ல உடனே கைவிரிச்சுட்டாங்கன்னு அழ ஆரம்பிச்சிடறாங்க. அப்படிலாம் இல்லங்க. வலி, மூச்சுத்திணறல், தூக்கம், பயம் இதையெல்லாம் கவனிக்கறதுக்குன்னே இருக்கற வைத்தியம் அது, கீமோ ஓடிட்டிருக்கும்போதே கூட சேர்த்துப் பாக்கலாம், எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது. அலைய முடியாதவங்களுக்கு, 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்கற ஏற்பாடும் பிசியோதெரபியும் இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க.

அடுத்தது நம்ம பாசம். நீ எந்திரிக்காத, நீ தொடாத, நான் பாத்துக்கறேன்னு சொல்லிச் சொல்லியே அவங்கள ஒண்ணுத்துக்கும் ஆகாதவங்களா உக்கார வெச்சிடறோம். எங்க பெரியம்மாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது, ஆனா முறத்த மடியில வெச்சுக்கிட்டு முருங்கக்கீரை ஆய்வாங்க, நடுவுல ரெண்டு தரம் சாஞ்சுக்குவாங்க, கொழம்புல உப்பு கம்மின்னு அங்கேர்ந்தே குரல் வரும். அத நாங்க பிடுங்கல. எது முடியுதோ அத அவங்களே செய்யட்டும், என்ன சட்டை போடணும், எப்ப குளிக்கணும், யாரப் பாக்கணும்னு அவங்களையே கேளுங்க.

கேன்சர் சோர்வு தூங்கி எந்திரிச்சா போற சோர்வு இல்ல. நாள்ல எந்த நேரம் கொஞ்சம் தெம்பா இருக்காங்கன்னு ஒரு வாரம் கவனிச்சா தெரிஞ்சிடும், முக்கியமான வேலைய அந்த நேரத்துல வைங்க. பாத்ரூம்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கட்டும், குளிச்சதும் ஓய்வு. ஆஸ்பத்திரி போற நாள்ல தலைக்குக் குளியல் வேண்டாம். முடிஞ்சா வராண்டா வரைக்கும் மெதுவா ஒரு நடை, முழுசா படுத்தே இருந்தா சோர்வு ஜாஸ்திதான் ஆகும்.

வலிதான் பெரிய விஷயம். ரொம்ப வலிச்சா போட்டுக்கலாம்னு மாத்திரைய மிச்சம் பிடிக்காதீங்க, டாக்டர் சொன்ன மணிக்கு, வலி இல்லாட்டியும் போடணும், ஏன்னா ஏறின வலிய இறக்கறது ரொம்ப கஷ்டம். ஒரு நோட்டுல நேரம், எங்க வலி, பத்துக்கு எத்தன, எந்த மாத்திரைக்கு அப்புறம் எவ்வளவு கொறஞ்சுதுன்னு எழுத வைங்க, அவங்க கையெழுத்துலயே இருந்தா இன்னும் நல்லது, டாக்டர் கேக்கும்போது 'பரவால்ல'ன்னு மழுப்ப முடியாது பாருங்க. கடுமையான வலிக்குக் குடுக்கற மார்ஃபின்னதும் போதை மருந்துன்னு பயப்படறாங்க. கேன்சர் வலிக்கு டாக்டர் பாத்துக் குடுக்கற அளவுல போட்டா அடிமையாகறது அபூர்வம், ஆனா மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், அதனால முதல் நாள்லேர்ந்தே பேதி மாத்திரையும் கேட்டு வாங்கிக்கோங்க. எல்லா மெடிக்கல் ஷாப்லயும் மார்ஃபின் கிடைக்காது, தீரப்போற அன்னிக்கு ஓடாம முன்னாடியே பாருங்க. நீங்களா அளவ ஏத்தாதீங்க, திடீர்னு நிறுத்தவும் கூடாது. எழுப்பினாலும் முழிக்காத அளவு மயக்கம், மூச்சு ரொம்ப மெதுவானா உடனே கூப்பிடுங்க.

சாப்பாட்டுக்கு சண்ட போடாதீங்க. நோய் முத்தும்போது பசி போறது உடம்போட வேல, அவங்க பிடிவாதம் இல்ல. சின்னக் கிண்ணத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் தயிர் சாதமோ முட்டையோ குடுங்க. வாயெல்லாம் இரும்பு டேஸ்ட்னு சொன்னா பிளாஸ்டிக் ஸ்பூன் குடுத்துப் பாருங்க. வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் ஆறின தண்ணில ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து சாப்பிட்டதும் கொப்பளிச்சுத் துப்பணும், தெனம் புதுசா கலக்கணும். வாட்சப்புல வர்ற முள்ளு சீத்தா கஷாயம் கேன்சர குணப்படுத்தும்னு நிரூபணமே கிடையாது, எந்த மூலிகையா இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாம வேண்டாம்.

மூச்சு வாங்குதுன்னா முன்னால ரெண்டு தலகாணி வெச்சு அதுமேல சாஞ்சாப்ல உக்கார வெச்சு, சின்ன ஃபேன முகத்துக்கு நேரா வைங்க, நெஜமாவே ஆறுதலா இருக்கும். படுத்த படுக்கைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்துங்க, இடுப்பு, குதிகால் செவந்திருக்கான்னு பாருங்க, செவந்த எடத்துல தேய்க்கக் கூடாது.

பாக்க வர்ற சொந்தக்காரங்க தனி தலைவலி. 'எத்தனாவது ஸ்டேஜ்'னு பேஷன்ட் முன்னாடியே கேப்பாங்க. வாசல்லயே சொல்லிடுங்க, பத்து நிமிஷம்தான், அழக்கூடாதுன்னு. ஆனா பேஷன்ட் தானா சாவப் பத்தியோ, உயில், பேங்க் கணக்கப் பத்தியோ பேச ஆரம்பிச்சா 'அதெல்லாம் பேசாதே'ன்னு வாய அடைக்காதீங்க. உக்காந்து கேளுங்க.

காத்திருக்கக் கூடாத சிலது இருக்கு: கீமோ போறப்ப 100.4 டிகிரி காய்ச்சல், புதுசா முதுகுவலியோட கால் மரத்துப்போறது இல்ல பலம் கொறையறது, ஒண்ணுக்கு வராம நின்னுடறது, நிக்காத ரத்தம், திடீர் குழப்பம். இதுக்கு மறுநாள் ஓபி பாக்க நிக்காம ராத்திரியே கெளம்புங்க, ரிப்போர்ட் ஃபைலும் மாத்திரை லிஸ்ட்டும் ஒரே பைல கதவுகிட்ட தொங்கட்டும்.

பாத்துக்கற நீங்களும் ஷிஃப்ட் போட்டுத் தூங்குங்க. மனசு தாங்கலன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம், பேஷன்ட்டும் பேசலாம்.