மண் பாக்டீரியாவில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களை எண்ணும் முறை: இன்ஃபெர்னல் செய்முறை

பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கேழ்வரகு வயலின் மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி கைக்கு வந்தபோது, புரத மரபணுக்களை ஒரே மாலையில் பட்டியலிட்டுவிட்டேன். புரதமாக மாறாமல் ஆர்.என்.ஏ.வாகவே பணியாற்றும் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களைச் சரியாக எண்ணி முடிக்க மூன்று வாரங்கள் ஆயின. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் இதே வேலையைத் தொடங்கும் மாணவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாக வேண்டும்.

மரபு வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் வழக்கமான மென்பொருளான பிளாஸ்ட் இதற்குப் போதாது. ஆர்.என்.ஏ. மடிந்து நிற்கும் வடிவமே அதன் வேலையைத் தீர்மானிப்பதால், மடிப்பில் இரு பக்கங்கள் இணைந்து உருவாகும் தண்டின் ஒரு பக்கத்தில் ஜி என்ற எழுத்து ஏ ஆக மாறும்போது, எதிர்ப்பக்கத்தில் அதன் இணையான சி என்ற எழுத்து யு ஆக மாறி இணையைக் காத்துவிடுவதுண்டு. எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் பிளாஸ்டுக்கு அவை இரண்டு பிழைகள். இந்த இணைமாற்றத்துக்கும் மதிப்பெண் தருபவை இணைமாறுபாட்டு மாதிரிகள். ஆர்.என்.ஏ. குடும்பங்களைத் தொகுத்துவைக்கும் ஆர்ஃபாம் தரவுத்தளத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. அவற்றைக் கொண்டு தேடும் மென்பொருள் இன்ஃபெர்னல்.

இன்ஃபெர்னலை, மென்பொருள் நிறுவும் கருவியான காண்டா வழியாக நிறுவி, ஆர்ஃபாமின் மாதிரிக் கோப்பையும், உறவுள்ள குடும்பங்களைக் குலங்களாகப் பட்டியலிடும் குலக் கோப்பையும் இறக்கி, மாதிரிக் கோப்பை இன்ஃபெர்னலின் சி.எம்.பிரஸ் கட்டளை கொண்டு தயார் செய்து, பிறகு தேடும் கட்டளையான சி.எம்.ஸ்கேனை இயக்குங்கள். தற்செயலாகவே கிடைக்கக்கூடிய முடிவுகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் இ-மதிப்பை வெட்டுப்புள்ளியாகக் கொள்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆர்ஃபாம் தொகுப்பாளர்கள் ஆராய்ந்து நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பெண்ணான ஜி.ஏ. வரம்பே நம்பத்தக்கது.

நான் தடுமாறிய இடம் இதற்கு அடுத்தது. முதல் ஓட்டத்தில், ரைபோசோமின் சிறு துணையலகு ஆர்.என்.ஏ.வுக்கான 16எஸ் மரபணுக்கள் நம்ப முடியாத அளவுக்குக் கிடைத்தன. பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியோட்டு ஆகியவற்றின் சிறு துணையலகு மாதிரிகள் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பதால், அவை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தன. நானோ வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆகவே குலக் கோப்பைச் சேர்த்து, அட்டவணை வடிவத்துக்கு 2 என்ற எண்ணைக் கொடுங்கள். ஒன்றின்மீது ஒன்று விழும் முடிவுகளைக் குறிக்கும் நெடுவரிசையில் சமக்குறி உள்ள வரி, அதே இடத்தில் அதைவிட உயர்ந்த மதிப்பெண் பெற்ற முடிவு வேறொன்று உண்டு என்பதைச் சொல்கிறது. அவ்வரிகளை நீக்கிவிட்டே எண்ண வேண்டும். உங்கள் முறை சரிதானா என்றறிய ஈ.கோலை கே-12 எம்.ஜி.1655 தொகுதியில் முதலில் ஓட்டிப் பாருங்கள்: ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் 16எஸ் 7, 23எஸ் 7, 5எஸ் 8 என்று வர வேண்டும்.

அமினோ அமிலங்களை ரைபோசோமுக்குக் கொண்டுசேர்க்கும் டி.ஆர்.என்.ஏ.க்களுக்கு மட்டும் டி.ஆர்.என்.ஏ.ஸ்கேன்-எஸ்.இ. என்ற தனி மென்பொருளையே பயன்படுத்துகிறேன், தூது ஆர்.என்.ஏ.வின் குறிமத்தோடு இணையும் எதிர்க்குறிமம் எது என்பதையும் அது சொல்லிவிடும்.

பிற இனங்களோடு ஒப்பிட, கிடைத்த வரிசைகளை அதே குடும்ப மாதிரியின்மீது இன்ஃபெர்னலின் சி.எம்.அலைன் கட்டளை கொண்டு வரிசைப்படுத்தி, இணைமாற்றச் சான்று உண்மையானதா என்பதை ஆர்-ஸ்கேப் என்ற மென்பொருளில் சோதியுங்கள்.

பிற்சேர்க்கை: ஒரே உயிரியின் மரபணுத்தொகுதி பல துண்டுகளாகக் கிடைத்திருக்கும்போது, அத்துண்டுகளில் இ-மதிப்புகள் பொருந்தவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தேடற்பரப்பை நாம் குறிப்பிடாவிட்டால், சி.எம்.ஸ்கேன் ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் தனித்தனியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எல்லாத் துண்டுகளின் மொத்த நீளத்தை, இரு இழைகளுக்காக இரண்டால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்து, சி.எம்.ஸ்கேனின் இசட் (-Z) விருப்பத்தில் கொடுங்கள்.