எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து அப்பா ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்வார். நான் ரிமோட்டை எடுத்து நெட்ஃபிளிக்ஸ், பிரைம், சன் நெக்ஸ்ட் என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தேடி முடிப்பதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். இப்போது முதலில் போனில், எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் செயலியைப் பார்க்கிறேன்.

இலவசம்தான். நாடு 'இந்தியா' என்று வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரே படம் அமெரிக்காவில் ஒரு தளத்திலும் இங்கே வேறொன்றிலும் இருக்கும். அப்புறம் வீட்டில் சந்தா உள்ள தளங்களை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்றதெல்லாம் கண்ணில் படாது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டும்போது எழுத்து மாறும். ஒரு 'h' கூடினாலும் குறைந்தாலும் சில சமயம் படம் சிக்காது. வேறு எழுத்துக்கூட்டில் முயன்று, வெளியான ஆண்டை வைத்து உறுதி செய்யுங்கள்.

தேடல் முடிவில் 'ஸ்ட்ரீம்', 'ரென்ட்' என்று தனித்தனியாகக் காட்டும். ரென்ட் என்றால் சந்தா இருந்தாலும் தனிக்காசு. பிரைமில் வாடகைப் படத்தைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் தொடங்கி, தொடங்கியபின் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் காசு மிச்சமானது ஜஸ்ட்வாட்சின் வாட்ச்லிஸ்ட்டால். பார்க்க நினைப்பதையெல்லாம் அதில் போட்டு வைக்கிறேன். ஒரே தளத்தில் நாலைந்து படம் சேர்ந்ததும் ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, அன்றைக்கே தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறேன். கட்டும் முன் அந்தத் தளத்திலேயே ஒருமுறை தேடிவிடுங்கள். உரிமம் முடிந்து படம் போயிருக்கலாம்.