புராஜெக்ட் வேலையில் மனசு ஒட்டவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் டீமில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஆறே மாதத்தில் "இந்த வேலைல என்ன இருக்கு?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் மூத்தவர்கள் விழுந்த அதே பள்ளங்களில் போய் விழுகிறார்கள். நேரத்துக்கு வருவது, ஸ்டேட்டஸ் அனுப்புவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

பயன்படுத்துகிறவரைப் பார்க்காமலே இருப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். டிக்கெட் (செய்யவேண்டிய வேலைக் குறிப்பு) வருகிறது, முடிக்கிறார்கள், மூடுகிறார்கள். அந்தத் திரையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர் யார் என்று கேட்பதே இல்லை.

ஒரு மருந்துக் கிடங்குக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்தோம். டீமிலிருந்த தம்பி காலாவதித் தேதியைத் திரையின் வலது கோடியில் வைத்திருந்தான். டெஸ்டிங்கில் எல்லாம் பாஸ். கோ-லைவ் (மென்பொருள் பயன்பாட்டுக்கு வருவது) முடிந்து சில மாதம் கழித்து அவனைக் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த அக்காவுக்குச் சின்ன மானிட்டர். "தேதி பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் இழுக்கணும் தம்பி" என்றவர், ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். அத்தனை தேதியும் கையால் எழுதியிருந்தது. தினமும் சாயங்காலம் அதற்கே ஒரு மணி நேரம் போகிறதாம். அடுத்த ரிலீஸிலேயே தேதி மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு யாரும் டிக்கெட் போடவில்லை. இப்போதெல்லாம் எந்த மீட்டிங்கிலும் அவன் முதலில் கேட்பது, "இதை யாருங்க பாப்பாங்க?"

அமெரிக்காவில் உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், போனில் பேசிய நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தது. செய்த வேலை அதேதான்.

க்ளையண்ட் வெளிநாட்டில் இருந்தால், ஒரு பயனர் வேலை செய்வதை ஸ்க்ரீன் ஷேரில் அரை மணி நேரம் பார்க்க லீடிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

வேலையின் அர்த்தத்தை அப்ரைசலில் தேடுவது

அங்கே கிடைப்பது ரேட்டிங் மட்டும்.

'நல்ல புராஜெக்ட்' வரட்டும் என்று காத்திருப்பது

ஏஐ புராஜெக்ட் கிடைத்தால்தான் ஆர்வம் வரும் என்று சப்போர்ட் வேலையை ஏனோதானோ என்று செய்யாதீர்கள். மாதக் கடைசியில் சம்பள மென்பொருள் நின்றால் எத்தனை வீட்டில் வாடகை தள்ளிப்போகும் என்று யோசியுங்கள்.

கோ-லைவ் அன்றே கழன்றுகொள்வது

முதல் புகார்கள் வரும்வரை இருங்கள். அதற்குள் வேறு டீமுக்கு மாற்றினால், வேலையை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் வாரத்தில் ஹெல்ப்டெஸ்க் அழைப்புகளையாவது கூட உட்கார்ந்து கேளுங்கள்.