பூசணிக்கொடியில் பூச்சி: மருந்து தெளிக்கும் முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

பிஞ்சு ஒன்று மஞ்சளாகி விழுந்ததுமே தெளிப்பானைத் தேடுவதுதான் முதல் தவறு. விழுந்ததைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. புழுவும் இல்லை, தோலில் துளையும் இல்லை என்றால் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். அதற்கு மருந்து கிடையாது. காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் (அடியில் குட்டிப் பிஞ்சு இருப்பது) நடுவில் தடவிவிட வேண்டும். ஆண் பூக்கள் ஒரே நாளில் வாடி உதிர்வது இயல்பு. இலை நரம்புகளை ஒட்டித் தெரியும் வெள்ளித் திட்டுகளும் பல ரகங்களுக்குப் பிறவிக் குணம். சாம்பல் நோயானால் விரலால் தேய்க்கும்போது மாவு ஒட்டும், இதில் ஒட்டாது. அதற்குப் போய் மருந்தடிப்பவர்கள் ஏராளம்.

நாற்றுப் பருவத்தில் அசட்டையாக இருந்தால் சிவப்பு வண்டு முந்திக்கொள்ளும். பெரிய கொடி நாலு ஓட்டையைத் தாங்கும். இரண்டு வித்திலை (விதையிலிருந்து முதலில் விரியும் இலை) மட்டுமே உள்ள செடி தாங்காது. நண்பகலில் பிடிக்கப்போனால் பறந்துவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில் வண்டு மந்தமாக இருக்கும். சோப்பு நீர்க் கிண்ணத்தை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினாலே விழும். அதோடு வேலை முடிவதில்லை. இது தூரடியில் ஈர மண்ணில் முட்டையிடும். அதன் புழு வேரையும், தரையில் கிடக்கும் காயின் அடிப்பக்கத்தையும் தின்னும். காய்க்கு அடியில் வைக்கோலோ ஓட்டுத் துண்டோ வையுங்கள்.

நாற்றுக்குக் கொசுவலை போர்த்துவது நல்ல வழிதான். ஆனால் போன பருவத்தில் அதே இடத்தில் பூசணி, சுரை, பீர்க்கு இருந்திருந்தால் மண்ணுக்குள் இருக்கும் வண்டு வலைக்கு உள்ளேயே கிளம்பும். பெண் பூ வந்த பிறகும் வலையை எடுக்காவிட்டால் தேனீ நுழைய வழியில்லை.

வேப்பெண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். தெளிப்பானின் கடைசிச் சொட்டுகளில் வெறும் எண்ணெய் வந்து இலை கருகும். 5 மி.லி. எண்ணெயில் 1 மி.லி. திரவச் சோப்பை முதலில் நன்றாகக் கலக்கி, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும். இரண்டு இலைகளில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். சாறு உறிஞ்சும் பூச்சிகள் தங்குவது இலையின் அடியில். மேலே மட்டும் நனைத்தால் பயனில்லை. காலையில் பூ விரிந்திருக்கும், தேனீ வரும். ஆகவே மாலையில் தெளியுங்கள். வேம்பு உடனே கொல்லாது, பூச்சியின் வளர்ச்சியைத்தான் தடுக்கும். மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று அளவை இரட்டிப்பாக்காமல், 7 முதல் 10 நாள் இடைவெளியில் மறுபடி அடியுங்கள்.

அதிகம் இழப்பது பழ ஈயிடம். அது இளம்பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. அதன்பின் வெளியே என்ன தெளித்தாலும் புழுவைத் தொடாது. மகரந்தம் சேர்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் பிஞ்சைத் துணிப்பையிலோ காகிதப் பையிலோ கட்டுங்கள். காய் பருக்கப் பருக்கப் பையைத் தளர்த்துங்கள். வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை மட்டும் நம்புவதும் பிழை. அதில் விழுவது ஆண் ஈ, முட்டையிடுவது பெண் ஈ. புழுத்த காயை உரக்குழியில் போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பிவரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, புழு சாகும்வரை வெயிலில் போடுங்கள்.

புள்ளி வண்டுகளை ஒரே கணக்கில் நசுக்காதீர்கள். பளபளப்பாக இருப்பவை பெரும்பாலும் அசுவினியை (கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) தின்பவை. மங்கலாக, மென்மயிரோடு, நிறையப் புள்ளிகளோடு இருப்பதும், அதன் முள் நிறைந்த மஞ்சள் புழுவும் இலையைச் சுரண்டுபவை.

தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கொழுந்து மென்மையாகி அசுவினி பெருகும். எறும்பு ஏறினால் அடியிலைகளைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புக்காகவே எறும்பு அதைக் காக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி கழுவப்படும். ஆனால் இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகி, சுருங்கி, காய் கோணலானால் அது அசுவினி கொண்டுவந்த நச்சுயிரி (வைரஸ்). பூச்சியைக் கொன்றாலும் செடி தேறாது. பக்கத்துக் கொடிகளில் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, இதை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள்.