நரம்பிணைப்பில் ஒரு புரதம் எந்தப் படியில் வேலை செய்கிறது என்று கண்டறிவது எப்படி?

நரம்பிணைப்பு (சினாப்ஸ்) என்பது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்கு வேதிப்பொருளான நரம்புக்கடத்தி மூலம் செய்தி அனுப்பும் இடம். அங்கே ஒரு புரதத்தை நீக்கியதும் பெறும் செல்லின் மின்துலங்கல் பாதியாகக் குறைந்தால், நரம்புக்கடத்தியின் வெளியீட்டை அப்புரதமே ஆள்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம், அனுப்பும் முனையில் சரக்கை வெளியிடும் நுண்பைகள் (நரம்புக்கடத்தி அடைத்த சவ்வுப் பைகள்) குறைந்தாலும், பெறும் செல்லில் ஏற்பிகள் (நரம்புக்கடத்தியைப் பிடித்துத் துலங்கலை எழுப்பும் புரதங்கள்) குறைந்தாலும் பதிவுத்திரையில் தெரியும் காட்சி ஒன்றுதான்.

ஆகவே, முதலில் தூண்டல் எதுவுமின்றித் தானாகத் தோன்றும் நுண்துலங்கல்களைப் பதிவு செய்யுங்கள். தவளையின் நரம்பு-தசை இணைப்பில் ஆய்வாளர்கள் ஃபாட்டும் காட்ஸும் 1952இல் விவரித்த இவை ஒவ்வொன்றும் ஒற்றை நுண்பையின் சரக்கு தரும் துலங்கலாகும். புரதத்தை நீக்கிய பிறகும் இவற்றின் உயரம் மாறவில்லையெனில், ஏற்பிகள் மீதான ஐயம் பெரும்பாலும் விலகும்.

அடுத்து, ஒரு தூண்டலுக்குச் சராசரியாக எத்தனை நுண்பைகள் சரக்கை வெளியிடுகின்றன என்று கணக்கிட வேண்டும். கரைசலில் வெளியீட்டைத் தூண்டும் கால்சியத்தைக் குறைத்து, அதைத் தடுக்கும் மக்னீசியத்தைக் கூட்டினால் பல தூண்டல்கள் துலங்கலே இல்லாமல் வீணாகும். மொத்தத் தூண்டல்களை வீணானவற்றால் வகுத்து, ஈவின் இயல் மடக்கையை (ln) எடுத்தால் அந்தச் சராசரி கிடைக்கும். 200 தூண்டல்களில் 74 வீணாயின என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 1. புரதத்தை நீக்கியபின் 121 வீணானால் 0.5. கால்சியத்தின் அளவை மட்டும் மிகத் துல்லியமாகக் கலக்குங்கள். வெளியீடு அதன் ஏறத்தாழ நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுவதால், சிறு பிழையும் புரதத்தின் விளைவுபோல வேடமிடும்.

வெளியீடு குறைந்தது உறுதியானால், எந்தப் படியில் என்ற கேள்வி எழும். உண்மையான சுவை இங்கேதான். வளர்ப்பு நியூரான்கள்மீது அடர்ந்த சர்க்கரைக் கரைசலைச் செலுத்தினால், சவ்வோரம் ஆயத்தமாக நிற்கும் நுண்பைகள் கால்சியத்தின் உதவியின்றியே சரக்கை வெளியிடும். முன்க்13 புரதங்கள் முற்றிலும் இல்லாத எலி நியூரான்களில் இந்தக் கரைசலும் பலிப்பதில்லை. நுண்பைகள் ஆயத்தமாகவே இல்லை என்பது அதன் பொருள். சினாப்டோடேக்மின்-1 என்ற புரதம் இல்லாத நியூரான்களிலோ சர்க்கரைக்குத் துலங்கல் வழக்கம்போல் வருகிறது. தூண்டலை ஒட்டி உடனே நிகழும் வெளியீடு மட்டும் ஏறக்குறைய மறைந்து, தாமதமாகச் சிதறி வரும் வெளியீடு எஞ்சுகிறது. நுண்பைகள் காத்திருக்கின்றன, கால்சியம் வந்த செய்தியை உணர்த்தும் புரதம்தான் இல்லை.

மரபணுவைத் தொடாமல் சோதிக்க விரும்புவோருக்கு நுண்பை சவ்வோடு இணைய வேண்டிய புரதங்களை வெட்டும் நச்சுகள் உதவும்: டெட்டனஸ் நச்சு சினாப்டோபிரெவினை வெட்டும், ஏ வகை பொட்டுலினம் நச்சு ஸ்நாப்-25ஐ வெட்டும்.

கடைசியாக, நீக்கிய புரதத்தை மீண்டும் செலுத்தித் துலங்கல் திரும்புகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய வடிவத்தையும் சோதியுங்கள். சினாப்டோடேக்மின்-1இன் 233ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினினைக் குளுட்டமினாக மாற்றியபோது, கால்சியத்துடன் அதற்குள்ள பிணைப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைய, வெளியீட்டின் கால்சிய உணர்திறனும் அதே அளவில் குறைந்தது.